பழைய பாய்மரப் படகைப் புதுப்பித்தல்: தட்டிப் பார்ப்பதில் இருந்து தண்ணீரில் இறக்குவது வரை

ஃபைபர்கிளாஸ் படகின் உடல் லேசில் அழியாது. 1960-களிலும் 70-களிலும் அச்சில் வார்த்த பாய்மரப் படகுகளில் பல இன்றைக்கும் உறுதியான உடலோடுதான் கரையில் நிற்கின்றன. கெட்டுப்போவது அந்த உடலில் பொருத்திய மற்ற எல்லாம்: மேல்தளத்துக்குள் இருக்கும் மரம், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், வால்வுகள், வயர்கள், எஞ்சின், பாய்கள். அதனால்தான் இவை மலிவாகக் கிடைக்கின்றன, சில நேரம் இலவசமாகவே. இலவசப் படகுதான் பெரும்பாலும் அதிகச் செலவு வைக்கும். கம்பிகளோ பாய்களோ எஞ்சினோ, எதைப் புதிதாகப் போட்டாலும் அது ஒன்றே படகின் விலையைத் தாண்டிவிடலாம்.

இருந்தும் இது செய்யத் தகுந்த வேலை என்று முழுமனதாக நம்புகிறேன். ஒரு படகை உள்ளும் புறமும் கழற்றிப் பூட்டியவருக்கு, கடலில் ஏதாவது சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். புதுப் படகு வாங்கினால் அந்த அறிவு அதோடு சேர்ந்து வராது. ஆனால் படகு மறுபடி மிதக்குமா, கரையிலேயே நின்றுவிடுமா என்பது வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. பாதியில் கைவிட்ட படகுகளுக்குள் ஏறிப் பாருங்கள். உள்ளே புது மெத்தையும் பளபளக்கும் வார்னிஷும் இருக்கும், மேல்தளம் ஒழுகிக்கொண்டிருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது முதலில், பாய் விரித்து ஓடச் செய்வது அடுத்து, வசதியும் அழகும் கடைசியில். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

எந்தப் படகு?

படகை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வார இறுதியில் ஏரியில் ஓட்டவா, கரையோரமாகச் சில நாள் போகவா, கடலைக் கடக்கவா? அந்தத் தேவைக்குப் போதுமான படகுகளிலேயே சிறியதைத் தேர்ந்தெடுங்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே வடிவமுள்ள படகுகளில் எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 7 மீட்டர் படகையும் 10 மீட்டர் படகையும் ஒப்பிட்டால் நீளம் ஒன்றரை மடங்குகூட இல்லை, எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பாய், நங்கூரம், கம்பி, பெயிண்ட், உங்கள் உழைப்பு எல்லாம் அந்த எடையைத் தொட்டுத்தான் ஏறும்.

மரப்படகு என்றால் கணக்கே வேறு. அங்கே ஆணிகள், விலாச் சட்டங்கள், பலகை இடுக்குகளில் திணித்த பஞ்சு என்று ஒவ்வொன்றையும் சந்தேகப்பட வேண்டும். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்தை வேகமாக மக்கச் செய்யும். அதனால் தளத்தின் ஓரங்கள், பின்பக்க மூலைகள், காற்றோட்டமில்லாத அலமாரிகளின் பின்புறம் ஆகிய இடங்களைக் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். தச்சுவேலை கைவந்தவராக இல்லாவிட்டால் முதல் படகு ஃபைபர்கிளாஸாகவே இருக்கட்டும். கீழே சொல்வது பெரும்பாலும் அதற்குத்தான் பொருந்தும்.

வாங்குவதற்கு முன்

உரிமைப் பத்திரங்களை முதலில் பாருங்கள். உரிமையாளர் யாரென்று தெளிவில்லாத படகில் உழைப்பைப் போடாதீர்கள். அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோடு மேல்தளத்தில் ஏறுங்கள். பல படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களும் நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்த அடுக்கு. நடுமரம் நன்றாக இருந்தால் தட்டும்போது கூர்மையான சத்தம் வரும், ஊறிப்போயிருந்தால் மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். கைப்பிடிகள், வின்ச்கள் (பாய்க்கயிறுகளை இழுக்கும் உருளைகள்), தாங்கு கம்பிகள் தளத்தைத் துளைக்கும் இடங்கள் ஆகியவற்றைச் சுற்றித்தான் வட்டங்கள் அதிகம் விழும், ஏனென்றால் தண்ணீர் திருகுத் துளைகள் வழியாகவே இறங்குகிறது.

பாய்மரம் தளத்தின் மேல் நிற்கும் வகைப் படகானால், அதன் அடியில் தளம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போய், அதைத் தாங்கும் தூணையும் குறுக்குச் சுவரையும் பாருங்கள். குறுக்குச் சுவரைப் படகின் உடலோடு பிணைக்கும் ஃபைபர்கிளாஸ் பட்டைகள் விட்டுப்போயிருக்கின்றனவா? சுவரின் அடிப்பகுதி கறுத்து மெத்தென்று இருக்கிறதா? தாங்கு கம்பிகளின் இழுவை முழுவதும் பல படகுகளில் அந்தச் சுவர் வழியாகத்தான் உடலுக்குப் போகிறது.

கீழே இறங்கினால் கீல், அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி. போல்ட் போட்டு மாட்டிய கீலில், உடலும் கீலும் சேரும் கோட்டின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தால் போல்ட்கள் தளர்ந்திருக்கலாம். அந்தக் கோட்டில் துருக் கசிவு இருந்தால் போல்ட்டின் கழுத்து அரித்துப்போயிருக்கலாம். பாறையில் மோதிய படகில் கீலின் முன்பக்கம் அடிவாங்கும், ஆனால் உள்சேதம் பின்பக்கத்தில் இருக்கும். மோதும் வேகத்தில் கீலின் பின்நுனி மேல்நோக்கி நெம்பி, அங்கே உள்ள உட்சட்டங்களை உடைக்கிறது. தரைப்பலகைகளைத் தூக்கி அந்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சுக்கான் பெரும்பாலும் இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளுக்குள் நுரை அடைத்துச் செய்தது. படகைக் கரையேற்றிச் சில நாள் ஆன பிறகும் அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டினால், உள்ளே இருக்கும் எஃகுத் தண்டின் கிளைகள் அரித்திருக்க வாய்ப்பு உண்டு. எஞ்சினின் முன்பக்க நட்டில் ஸ்பானர் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நம்பிக்கை இருக்கிறது.

ஊறிய தளம், பழைய கம்பி, ஓடாத எஞ்சின் இவை எல்லாம் விலையைக் குறைக்கும் காரணங்கள். கீலைச் சுற்றி உடைந்த உட்சட்டங்களும், உடலை விட்டு முழுக்கப் பிரிந்த குறுக்குச் சுவர்களும் ஒரே படகில் சேர்ந்திருந்தால் அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள். உங்கள் கண்ணில் எல்லாம் சரியாகப் பட்டாலும், பணம் கொடுப்பதற்கு முன் அனுபவமுள்ள ஒரு படகுச் சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டுவது மிச்சம்தான்.

நிறுத்தும் இடமும் முதல் சில வாரங்களும்

நீண்ட காலத் திட்டத்தில் தொடர்ந்து பணம் தின்பது ரெசினோ பெயிண்டோ அல்ல, இட வாடகை. வீட்டுக்கு அருகில் இடம் கிடைத்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் செய்ய முடிகிற இடத்தில் நிற்கும் படகுதான் முன்னேறும்.

கரையில் நிற்கும்போது படகின் எடை கீலில்தான் இறங்க வேண்டும். பக்கவாட்டுத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. எதிரெதிர்த் தாங்கிகளைப் படகின் அடிவழியாகச் சங்கிலியால் இணையுங்கள். மேலே போர்த்தும் தார்ப்பாயின் கயிற்றை ஒருபோதும் அந்தத் தாங்கிகளில் கட்டாதீர்கள். காற்றில் தார்ப்பாய் படபடத்துத் தாங்கியை இழுத்துவிட்டால் படகு சாய்ந்து விழும். கயிறுகளைத் தண்ணீர் நிரப்பிய கேன்களிலோ படகின் அடிவழியாகச் சுற்றியோ கட்டலாம். தார்ப்பாயின் இரு முனைகளிலும் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை படரும்.

முதல் வேலை காலி செய்வது. மெத்தைகள், பழைய கயிறுகள், நாற்றமடிக்கும் குழாய்கள் எல்லாம் வெளியே போகட்டும். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் படம் எடுங்கள், திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பல மாதம் கழித்துத்தான் அந்தப் பையைத் திறப்பீர்கள், அப்போது நினைவு கைகொடுக்காது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியைக் கழற்றினால் அதை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அப்புறம் ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். படகை மூழ்கடிக்கக்கூடியவை, படகை ஓடவிடாமல் செய்பவை, மற்றவை. கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். முதல் பத்தி முடியும் வரை மூன்றாவதில் கை வைக்க வேண்டாம்.

மேல்தளம்

உழைப்பு அதிகம் கேட்கும் கட்டம் இது, பலன் அதிகம் தருவதும் இதுதான்.

வட்டமிட்ட இடங்களில் உள்பக்கமிருந்து சின்னத் துளைகள் போட்டு, துரப்பணத்தில் வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் நல்லது. பழுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் அந்தப் பகுதியைத் திறக்க வேண்டும். துளை போட்டு எபாக்சியை, அதாவது ஹார்டனர் கலந்ததும் இறுகும் ஒட்டு ரெசினை, ஊசியால் செலுத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஊறிய மரத்தில் எபாக்சி பிடிக்காது, ஈரத்தை உள்ளேயே வைத்து மூடுவதுதான் நடக்கும். சின்னதாக ஒரு வெற்றிடம் இருந்து, மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் அந்த வழி உதவும்.

மேலிருந்து திறப்பது நல்லது. கீழிருந்து செய்தால் ரெசின் முகத்தில் வடியும், ஒவ்வொரு துண்டையும் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். ரம்பத்தின் ஆழத்தை மேல்தோலின் தடிமனுக்கு மட்டும் வைத்து வெட்டி, தோலை ஒரே துண்டாகப் பெயர்த்து எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ஊறிய மரத்தை உளியால் சுரண்டி, நாலாபக்கமும் காய்ந்த மரம் தெரியும் வரை போங்கள். நன்றாகக் காயவிடுங்கள். புது பால்சாவையோ நுரைப் பலகையையோ பசைபோல் கெட்டியாக்கிய எபாக்சியில் பதித்துப் பாரம் வையுங்கள். பழைய தோலை அதே முறையில் ஒட்டி, வெட்டிய கோட்டின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, மேலே கண்ணாடித் துணி அடுக்குகளைப் போடுங்கள். தோலின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு இருந்தால் பழைய பலம் திரும்பும். 3 மில்லிமீட்டர் தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 36 மில்லிமீட்டர்.

எபாக்சியில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் ரெசினைப் பார்த்து வந்த நினைப்பு. எபாக்சியில் அளவு பிசகினால் கடைசி வரை பிசுபிசுப்பாகவே இருக்கும். பெரிய டப்பாவில் நிறையக் கலக்காதீர்கள், தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கொஞ்சமாகக் கலக்கி அகன்ற தட்டில் பரப்புங்கள். இறுகியபின் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரலாம். தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு அதைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. பழைய பரப்பிலும் இதே வரிசைதான்: முதலில் மெழுகையும் எண்ணெயையும் கரைப்பானால் துடைத்து, பிறகு தேய்ப்பது. மாற்றிச் செய்தால் மெழுகைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவோம்.

கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். எபாக்சி தோலில் பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கப் போகாமல் இருக்கலாம். கண்ணாடி இழைத் தூசு வேறு, ரெசின் ஆவி வேறு. இரண்டுக்கும் ஏற்ற வடிகட்டி உள்ள முகமூடியாகப் பார்த்து வாங்குங்கள்.

தளம் சரியானதும், அதில் மாட்டும் ஒவ்வொரு பொருளின் துளையையும் இப்படிச் செய்யுங்கள். தேவையைவிடப் பெரிதாக, மேல்தோலையும் நடுமரத்தையும் துளையுங்கள், கீழ்த்தோலை விட்டுவிடுங்கள். கெட்டியான எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் துளை போடுங்கள். இனி அந்தத் துளை ஒழுகினாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. பொருத்தும்போது துளையின் வாயைக் கொஞ்சம் சரித்து, பியூட்டைல் நாடா (ஒழுகாமல் அடைக்கும் மென்மையான ரப்பர் நாடா) சுற்றி மாட்டுங்கள். போல்ட்டை அசைக்காமல் கீழிருந்து நட்டை மட்டும் இறுக்குங்கள், போல்ட் சுழன்றால் அடைப்பு கிழிந்துவிடும். சாதாரண சிலிக்கான் பசையைத் தளத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பிறகு எதுவுமே ஒட்டாது.

நீர்க்கோட்டுக்குக் கீழே

படகின் உடலைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு குழாயும் ஒரு வால்வில், அதாவது சீகாக்கில், முடிய வேண்டும். பழைய படகுகளில் அங்கே சாதாரணப் பித்தளை வால்வு மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். கடல்நீரில் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்துபோய், இளஞ்சிவப்பு நிறத்தில் பொடியக்கூடிய செம்புக் கூடு மட்டும் மிஞ்சும். தட்டினாலே உடையலாம். எல்லாவற்றையும் வெண்கலமாகவோ, இதற்கென்றே செய்த கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் வகையாகவோ மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் உள்ளே கொட்டும். தேவையில்லாத துளைகளை ஃபைபர்கிளாஸ் போட்டு நிரந்தரமாக அடையுங்கள். மீதி ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்த அளவுக்கு ஏற்ற மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அடிப்பகுதியில் கொப்புளங்கள் இருந்தால் பயந்துவிட வேண்டாம். பெயிண்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊறி வருபவை அவை, அரிதாகவே படகின் உயிரைத் தொடும். உடைத்து, நன்னீரால் பலமுறை கழுவி, மாதக்கணக்கில் காயவிட்டு, எபாக்சியால் நிரப்பலாம். நீண்ட காலத் திட்டம் என்பதால் காயவிட நேரம் தாராளமாக இருக்கிறது.

பழைய அடிப்பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பாசி பிடிக்காமல் இருக்க அதில் செம்பு கலந்திருக்கும். மிகப் பழைய அடுக்குகளில் டிரைபியூட்டைல் டின்னும் இருக்கலாம். கடல் உயிர்களைப் பாதித்ததால் அந்த வகைப் பெயிண்டுகளை 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் தடை செய்தது. நனைத்துத் தேய்த்து, வழியும் சேற்றைக் கீழே விரித்த தாளில் சேகரித்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

பாய்மரமும் கம்பிகளும்

துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தக் குணம் காற்றிலிருந்துதான் வருகிறது. ஆக்சிஜன் பட்டுக்கொண்டே இருந்தால் அதன் மேல் ஒரு காப்புப் படலம் நிலைக்கும். ஈரமும் இருந்து காற்றும் இல்லாத இடுக்கில் அந்தப் படலம் போய், எஃகு உள்ளுக்குள் அரிக்கும். தாங்கு கம்பிகளை உடலோடு இணைக்கும் செயின்பிளேட் பட்டைகள் தளத்தைத் துளைத்துப் போகும் இடம் அப்படிப்பட்ட ஒரு இடுக்கு. மேலேயும் கீழேயும் பளபளக்கும், நடுவில் பாதி தின்றுபோயிருக்கும். கழற்றாமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். குழியோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் புதிதாகச் செய்யுங்கள். கடல்நீருக்கு 304 ரகத்தைவிட 316 ரக எஃகு நல்லது.

கம்பிகளின் வயது தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்வது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பொது வழக்கம். பாய்மரத்தைக் கிரேன் வைத்து இறக்கி, பழைய கம்பிகளை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைக்கருவிகளாலேயே பொருத்தக்கூடிய முனைகள் கிடைக்கின்றன, பொறுமையாகச் செய்தால் நீங்களே முடித்துவிடலாம்.

அலுமினியப் பாய்மரம் கீழே கிடக்கும்போதே அதன் எல்லா வேலைகளையும் முடியுங்கள். அடிப்பகுதியிலும், எஃகுப் பொருள்கள் ஒட்டியிருக்கும் இடங்களிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு நடக்கிறது. சுத்தம் செய்து, இரண்டு உலோகங்களுக்கும் நடுவே லானோலின் போன்ற காப்புப் பசை பூசி மாட்டுங்கள். உச்சி விளக்கின் வயரையும் பாய் ஏற்றும் கயிறுகளின் கப்பிகளையும் இப்போதே மாற்றுங்கள்.

பாய்களைத் தூக்கி எறிவதற்கு முன் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். வெயிலில் துணிக்கு முன் நூல்தான் மடியும். துணி இன்னும் கிழியாமல் நின்றால் மறுதையல் போட்டே பல பருவங்கள் ஓட்டலாம்.

எஞ்சின், மின்சாரம், எரிவாயு

டீசல் எஞ்சினுக்குச் சுத்தமான எரிபொருள், காற்று, அழுத்தம் இருந்தால் ஓடும். அதனால் பிரித்துப் போடுவதற்கு முன் டாங்கைச் சுத்தம் செய்து, வடிகட்டிகளையும் தண்ணீர் பம்பின் இம்பெல்லரையும் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) மாற்றி, கரி அடைத்திருக்கும் புகைக்குழாய் முழங்கையைக் கழற்றிப் பாருங்கள். பல "செத்த" எஞ்சின்கள் இவ்வளவிலேயே எழுந்துவிடும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் சுற்றும்போது கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். புகை தள்ளாததால் குளிர்விக்கும் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பி வரும். எஞ்சின் பிடித்தவுடன் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது.

வயரிங்கைப் பொறுத்தவரை, எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாத வயர் ஒன்றுகூட இருக்க வேண்டாம். பழையதை உருவிவிட்டு, ஈயம் பூசிய பல இழைச் செம்பு வயரால் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி. பேட்டரியிலிருந்து கிளம்பும் வயருக்கு 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வையுங்கள். படகில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடமில்லை. சமையலுக்கு எல்பிஜி வைத்தால், அது காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி உள்பக்கம் முழுக்க அடைபட்டு, அடியில் ஒரு குழாய் வழியாகப் படகுக்கு வெளியே திறக்க வேண்டும்.

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இருபகுதி பாலியூரிதேனை ஸ்பிரேயில் அடிக்காதீர்கள், அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கொடியது. ரோலரால் தடவி, பின்னாலேயே பிரஷ் நுனியால் இழுத்தால் ஸ்பிரேக்கு நிகரான பளபளப்பு வரும்.

தண்ணீரில் இறக்கும் நாள்

நல்ல வானிலையில், உதவிக்கு ஓரிருவரோடு, அவசரமில்லாத நாளாக வையுங்கள். படகின் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாமே அரித்துப்போகும் துத்தநாக அல்லது அலுமினியத் தியாகத் துண்டுகள் மாட்டியாயிற்றா என்று பாருங்கள். நன்னீர் ஏரி என்றால் மக்னீசியம். படகு தண்ணீரைத் தொட்டதும், அதைத் தூக்கி இறக்கும் கிரேனின் பட்டைகளை உடனே அவிழ்க்கச் சொல்லாதீர்கள். அதிலேயே தொங்கவிட்டு, டார்ச்சோடு உள்ளே போய் ஒவ்வொரு வால்வையும், சுக்கான் தண்டையும், சுழலித் தண்டு வெளியேறும் இடத்தையும், கீல் போல்ட்களையும் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் அவிழ்க்கலாம். மரப்படகு என்றால் பலகைகள் ஊறி உப்பி இடுக்குகள் அடையும் வரை ஒழுகத்தான் செய்யும். பம்பும் பட்டைகளும் தயாராக இருக்கட்டும்.

எஞ்சினையும் சுழலித் தண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவரும் வேலையைக் கரையில் முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தண்ணீரில் மிதக்கும்போது உடலின் வடிவம் சற்றே மாறும். சில நாள் மிதந்தபின் இணைப்பைத் திறந்து மறுபடி சரிசெய்யுங்கள். கம்பிகளின் இறுக்கமும் அப்படித்தான். முதல் சில ஓட்டங்களில் புதுக் கம்பி கொஞ்சம் நீளும். காற்றில் படகு 15 முதல் 20 பாகை சாயும்போது, காற்று போகும் பக்கத்துக் கம்பிகள் தொளதொளவென்று ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும். முதல் மாதம் முழுக்கக் கரையைப் பார்க்கும் தூரத்திலேயே ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்த்து, நோட்டின் முதல் இரண்டு பத்திகளில் புதிதாக எழுத ஏதாவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது பத்தியைத் தொடங்கலாம். மெத்தைக்கு அளவெடுங்கள்.